மோட்டார் கொட்டகையில் நல்ல பாம்பு: துரத்துமா, பழிவாங்குமா, என்ன செய்வது?

கேள்வி இதுதான்: வயலில் இருக்கும் மோட்டார் கொட்டகைக்குள் கொஞ்ச நாளாக ஒரு நல்ல பாம்பு தங்கியிருக்கிறது, சுவிட்ச் போடப் போனால் படம் எடுத்துச் சீறுகிறது. அடித்தால் ஜோடி வந்து பழிவாங்கும் என்கிறார் அம்மா, விட்டுவைத்தால் ஒருநாள் துரத்திக் கடிக்கும் என்கிறார் சித்தப்பா. இதில் எது உண்மை, கடித்தால் எவ்வளவு நேரம் இருக்கிறது?

இரண்டுமே உண்மை இல்லை. நல்ல பாம்பு பழிவாங்க வராது, மனிதனைத் துரத்தவும் செய்யாது. உங்கள் வீட்டில் இரண்டு பேருமே பயப்பட வேண்டியது வேறு இரண்டு விஷயங்களுக்கு. ஒன்று, அந்தக் கொட்டகைக்குள் வெளிச்சம் இல்லாமல் கை நீட்டுவது. இன்னொன்று, கடிபட்ட பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வழியில் தொலைக்கிற நேரம். பாம்புக்கடியில் சாகிறவர்களில் பலர் சாவது இந்த இரண்டாலும்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படத்தைப் பற்றி. நல்ல பாம்பின் கழுத்துப் பகுதியில் உள்ள விலா எலும்புகள் மற்ற இடங்களில் இருப்பவற்றைவிட நீளமானவை, வளைவும் குறைவு. சாதாரணமாக ஊர்ந்து போகும்போது அவை முதுகெலும்பை ஒட்டிப் பின்னோக்கிச் சாய்ந்து படுத்திருக்கும், அப்போது கழுத்து தலையின் அகலத்திலேயே இருக்கும், பார்த்தால் சாதாரணப் பாம்புதான். மிரண்டதும் தசைகள் அந்த எலும்புகளை முன்னுக்கும் பக்கவாட்டுக்கும் இழுத்து நிமிர்த்தும், தளர்வான தோல் அதன்மேல் விரிந்து தட்டையாகும். தோல் இழுபடுவதால் செதில்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, நடுவில் இருக்கும் வெள்ளைத் தோல் தெரியும். முதுகுப் பக்கம் மூக்குக்கண்ணாடி மாதிரியான அடையாளம், முன்பக்கம் இரண்டு கரும்புள்ளிகள், அவற்றுக்குக் கீழே அகலமான கருப்புப் பட்டைகள். எல்லா நல்ல பாம்புக்கும் அந்தக் கண்ணாடி அடையாளம் இருந்தாக வேண்டும் என்பதில்லை, மங்கலாக இருப்பதும் உண்டு, சுத்தமாக இல்லாததும் உண்டு. நிறமும் அப்படித்தான், கோதுமை நிறம், பழுப்பு, கருப்பு என்று ஊருக்கு ஊர் மாறும். நிறத்தை வைத்து இது வேறு ஜாதி, இதற்கு விஷம் அதிகம் என்று சொல்வதை நம்ப வேண்டாம்.

படம் எடுப்பதற்கு ஒரே காரணம்தான். "நான் இங்கே இருக்கிறேன், நீ பக்கத்தில் வராதே" என்று சொல்வது. விஷம் அதற்கு இரை பிடிக்கத் தேவைப்படுகிற பொருள், சுரக்க நாளாகும், விழுங்கவே முடியாத மனிதன்மேல் அதைச் செலவழிப்பதில் அதற்கு எந்த லாபமும் கிடையாது. அதனால்தான் முதலில் உடம்பின் முன்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு வரை தூக்கி நிற்கும், படத்தை விரிக்கும், காற்றை வெளியே தள்ளிச் சத்தமாகச் சீறும். அதற்கும் விலகாவிட்டால் பொய்யாகப் பாயும், பல சமயம் வாயைத் திறக்காமலேயே மூக்கால் முட்டும். அதையும் மீறிக் கம்பால் குத்துகிறவனைத்தான் கடிக்கும். உண்மையான கடியிலும் சில வேளை விஷம் இறங்காது. ஆனால் அது எந்தக் கடி என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க வழியில்லை, ஆகவே எல்லாக் கடியும் ஆஸ்பத்திரிக் கடிதான்.

அது எவ்வளவு தூரம் எட்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊர் நல்ல பாம்பு பொதுவாக ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் நீளம் இருக்கும், அரிதாக இரண்டு மீட்டரைத் தாண்டும். தூக்கி நிற்கும் உயரம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான் முன்னால் விழுந்து கொத்த முடியும், தாவிக் குதிக்க முடியாது. இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அதனால் உங்களை எதுவும் செய்ய முடியாது. சித்தப்பா சொல்கிற துரத்தல் எங்கிருந்து வந்தது என்றால், பயந்த பாம்பு பொந்தைத் தேடி ஓடும்போது அந்தப் பொந்து நம் பின்னால் இருந்தால் நம் பக்கம்தான் வரும். நாமும் அதே திசையில் ஓடினால் துரத்துவதாகவே தோன்றும். பக்கவாட்டில் ஒதுங்கி அசையாமல் நின்றால் அது பாட்டுக்குப் போய்விடும்.

மகுடிக்கு ஆடுவதும் இதே கதைதான். பாம்புக்கு வெளிக்காது கிடையாது, தரையில் வரும் அதிர்வைத் தாடை எலும்பு வழியாக உள்காதுக்குக் கொண்டுபோகிறது. பாம்பாட்டி மகுடியை அப்படியும் இப்படியும் அசைக்க, எதிரில் இருக்கும் ஆபத்தின் மேல் கண் வைத்தபடி பாம்பும் அசைகிறது. அந்தப் பாம்புகளில் நிறையவற்றுக்குப் பல் பிடுங்கப்பட்டிருக்கும், வாய் தைக்கப்பட்டிருக்கும், தண்ணீர் கொடுக்காமல் காயப்போட்ட பாம்பின் முன்னால் பாலை வைத்தால் தாகத்துக்கு அதையும் குடிக்கும். பாம்பின் உணவு எலி, தவளை, சின்னப் பறவைகள், முட்டை, மற்ற பாம்புகள் இவைதான், பால் அதற்குச் செரிக்காது. புற்றுக்குப் பால் ஊற்றுவதை நம்பிக்கையாகச் செய்பவர்கள் மனதைப் புண்படுத்த நான் விரும்பவில்லை. நாகர்கோவில் நாகராஜா கோயிலுக்கும் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் போகிற மக்களிடம் இருக்கும் அந்த மரியாதைதான் எத்தனையோ பாம்புகளை அடிபடாமல் காப்பாற்றியிருக்கிறது. பாலைப் புற்றுக்குள் ஊற்றாமல் வெளியே வைத்துக் கும்பிட்டாலே போதும்.

புற்றைக் கட்டுவதும் பாம்பு இல்லை. கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்று பழமொழியே இருக்கிறது. நல்ல பாம்புக்கு மண்ணைத் தோண்டத் தெரியாது, எலி வளையிலும் கரையான் புற்றிலும் கல் இடுக்கிலும் போய் ஒண்டிக்கொள்ளும். உங்கள் மோட்டார் கொட்டகைக்கு அது வந்ததும் அப்படித்தான். பழைய சாக்கு, வைக்கோல், உடைந்த பைப்பு, மூலையில் எலி, தரையில் தண்ணீர்க் கசிவு, அந்த ஈரத்துக்கு வரும் தவளை, எல்லாமே அங்கே இருக்கும். மழைக்காலத்தில் வளைகளில் தண்ணீர் புகுந்துவிட்டால் மேடான இடம் தேடி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும்.

பழிவாங்கும் கதைக்கு வருகிறேன். முகத்தை ஞாபகம் வைத்து, வீட்டைத் தேடி வந்து, காத்திருந்து கடிக்கிற மூளை பாம்புக்கு இல்லை. புருஷன் பெண்டாட்டியாகக் குடும்பம் நடத்துகிற பழக்கமும் இல்லை, இனச்சேர்க்கை முடிந்ததும் அது அது தனி. ஆனால் ஒரு பாம்பை அடித்த இடத்துக்கு இன்னொன்று வந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை. இனச்சேர்க்கைக் காலத்தில் பெண் பாம்பு போகிற வழியெல்லாம் ஒரு வாசனையை விட்டுச் செல்லும். ஆண் பாம்பு நாக்கை நீட்டி நீட்டி அந்த வாசனைத் துகள்களை எடுத்து, வாயின் மேல்புறம் உள்ள ஜேக்கப்சன் உறுப்பில் வைத்து அறிந்து, தடம் பிடித்து வரும். நீங்கள் அடித்தது பெண்ணாக இருந்தால் அந்தத் தடம் உங்கள் வாசலில்தான் முடியும். தவிர, எலி இருக்கும் இடத்துக்கு அடுத்த பாம்பு வருவதில் அதிசயம் எதுவும் இல்லை. சாரையும் நாகமும் பிணைகிறது என்பதும் இந்த மாதிரிதான், நாம் பார்ப்பது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் ஒன்றை ஒன்று அழுத்திப் பலம் பார்ப்பதை.

சாரை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நல்ல பாம்பு என்று நினைத்து ஊரில் அடித்துக் கொல்லப்படுவதில் நிறைய சாரைகள். சாரைக்குக் கண் பெரிது, கழுத்து தலையைவிட ஒடுக்கமாக இருக்கும், உதட்டுச் செதில்களின் ஓரத்தில் கருப்புக் கோடுகள் தெரியும், ஆளைக் கண்டதும் விர்ரென்று ஓடும். மடக்கினால் கழுத்தை மேலும் கீழுமாக உப்பி உறுமும், அதைப் பார்த்துப் படம் எடுக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். அதற்கு விஷமே இல்லை, உங்கள் நெல்லைத் தின்னும் எலியைத் தின்கிற பாம்பு அது. ராஜநாகம் இன்னொரு குழப்பம். அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டுப் பாம்பு, ஐந்து மீட்டர் வரைக்கும் வளரும், முக்கியமாகப் பாம்புகளையே தின்னும், இலைகளைக் கூட்டிக் கூடு கட்டி முட்டையிடும். உயிரியல்படி நல்ல பாம்பின் பேரினத்திலேயே அது சேராது. சமவெளி வயலில் அதை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

சரி, கடித்தால் என்ன நடக்கிறது? நல்ல பாம்பின் பல் சின்னது, முன்புறம் நிலையாகப் பொருந்தியது, விரியன் பல் மாதிரி மடங்கி நீளாது. அதனால் காயம் சில வேளை முள் கீறினது மாதிரி ஒரே ஒரு புள்ளியாகக்கூட இருக்கும், இரண்டு பல் தடம் இல்லையே என்று அசட்டையாக இருக்கக் கூடாது. விஷத்தில் முக்கியமாக இரண்டு வகை நச்சு. ஒன்று கடித்த இடத்துத் திசுவைச் சிதைக்கும், கடுமையான வலி, வீக்கம், கொப்புளம், பிறகு தோல் கருத்து அழுகுவது எல்லாம் இதனால். உயிரை எடுப்பது மற்றொன்று, நரம்பு நச்சு. நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வெளிவந்து தசையில் உள்ள ஏற்பிகளில் போய் ஒட்டினால்தான் தசை அசையும். இந்த நச்சு அந்த ஏற்பிகளில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். மூளை கட்டளை போடுகிறது, நரம்பும் கொண்டுபோகிறது, தசைக்கு மட்டும் போய்ச் சேராது.

அது உடம்பில் தெரியும் வரிசையைக் கவனமாகப் படியுங்கள். முதலில் கண் இமை கீழே இறங்கும், நெற்றியைச் சுருக்கித் தூக்கப் பார்த்தாலும் தூங்கி வழிகிற மாதிரியே இருக்கும். ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். பேச்சு மூக்கால் வரும், நாக்கு தடிக்கும், எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழியும். தலையைத் தூக்கி நிறுத்த முடியாமல் கழுத்து தொங்கும். கடைசியாக மார்புத் தசைகளும் உதரவிதானமும் ஓய்ந்து மூச்சு நிற்கும். அரை மணி நேரத்திலேயே இமை இறங்கியவர்களும் உண்டு, சில மணி நேரம் கழித்துத் தொடங்கியவர்களும் உண்டு, அதனால் "இத்தனை மணி நேரம் இருக்கிறது" என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. இதில் மனதை அறுக்கிற விஷயம், அந்த நிலையில் கிடப்பவருக்கு நினைவு தவறாமலே இருக்கலாம். கண்ணைத் திறக்க முடியாது, விரலை அசைக்க முடியாது, ஆனால் சுற்றி நிற்பவர்கள் அழுவது காதில் விழும். செத்துவிட்டார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இதயம் துடிக்கிறவரை, ஆம்பு பையாலோ (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) வென்டிலேட்டராலோ மூச்சைக் கொடுத்துக்கொண்டே இருந்தால், நச்சு விலகியதும் தசைகள் திரும்ப வேலை செய்யும். பேச்சு மூச்சில்லாமல் வந்து சில நாளில் நடந்து வீட்டுக்குப் போனவர்கள் நிறைய பேர்.

அதனால் கடித்தவுடன் செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். பாம்பை விட்டு விலகுங்கள். மோதிரம், கொலுசு, மெட்டி, வளையல், இறுக்கமான துணி, வீக்கம் வருவதற்கு முன் கழற்றிவிடுங்கள். கடிபட்ட கை காலை எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல ஒரு பலகையை வைத்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள், ஆளை நடக்க விடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், வண்டி வரத் தாமதமானால் பைக்கில் நடுவில் உட்கார வைத்தாவது கிளம்புங்கள். இறுக்கிக் கட்டுப் போட வேண்டாம். நல்ல பாம்புக் கடியில் இறுக்கிக் கட்டினால் திசுவைச் சிதைக்கும் நச்சு ஒரே இடத்தில் தேங்கி விரலையோ காலையோ இழக்க நேரிடும், கட்டை அவிழ்க்கும்போது மொத்தமாக ஏறவும் செய்யும். பிளேடால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். மிளகைக் கொடுத்துக் காரம் தெரிகிறதா என்று பார்ப்பது, வேப்பிலை கசக்கிறதா என்று பார்ப்பது, மந்திரிப்பது, பச்சிலை அரைத்துக் கொடுப்பது, இவை எல்லாமே நேரத்தைத் தின்பவை. பச்சிலையால் பிழைத்தார் என்று சொல்லப்படுகிறவர்களில் பெரும்பாலோர் விஷமில்லாத பாம்பு கடித்தவர்கள், அல்லது விஷம் இறங்காத கடி வாங்கியவர்கள். விழுங்க முடியாத நிலையில் இருப்பவருக்கு எதை வாயில் ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் இருக்கிறது.

பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டுமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். வேண்டாம். அடிக்கப் போய் இரண்டாவது ஆள் கடி வாங்குவதும், வெட்டிய தலையை எடுக்கும்போது அது கொத்துவதும் நடக்கிறது, துண்டான தலைக்குக் கொஞ்ச நேரம் கடிக்கும் அனிச்சை இருக்கும். நம் ஆஸ்பத்திரிகளில் கொடுக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்துத் தயாரித்தது, எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் அறிகுறியைப் பார்த்து மருத்துவர் கொடுப்பார். தூரத்திலிருந்து செல்போனில் ஒரு படம் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அதற்காக நிற்காதீர்கள். வழக்கமாகப் பத்துக் குப்பியில் தொடங்குவார்கள், குழந்தைக்கும் அதே அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆள் எடையைப் பார்த்து விஷத்தை இறக்குவதில்லை. ஒவ்வாமை வந்தால் சமாளிக்க அட்ரினலின் பக்கத்திலேயே தயாராக இருக்கும். நல்ல பாம்புக் கடிக்கு நியோஸ்டிக்மின் ஊசியை அட்ரோபினோடு சேர்த்துக் கொடுப்பதும் பலன் தரும், ஏற்பிகளைப் பிடிக்க அசிட்டைல்கோலினுக்கு அது பலம் சேர்க்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால்கூட ஒரு நாள் முழுக்கக் கண்காணிப்பில் இருக்கச் சொல்வார்கள், நடுவில் கிளம்பி வந்துவிடாதீர்கள்.

இந்த மருந்து எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாம்பைப் பார்க்கும் பார்வையே மாறும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்து இருளர்கள் ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, தோல் ஏற்றுமதியும் நின்றதும் பிழைப்பு போனது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது, மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருக்கிறது. அவர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எலி வளை வாயில் மண் வழவழப்பாக இருக்கிறதா, புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, உரித்த சட்டை காய்ந்ததா ஈரமா, எச்சத்தில் எலி முடி இருக்கிறதா என்று பார்த்தே உள்ளே ஆள் இருக்கிறது, இல்லை என்று சொல்லிவிடுவார்கள். பிடித்து வந்த பாம்பை மண்பானையில் விட்டு வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். ரப்பர்த் தாள் இழுத்துக் கட்டிய கண்ணாடிக் குடுவையின் விளிம்பைக் கடிக்க வைத்தால் மஞ்சள் நிறத்தில் கெட்டியாக விஷம் சொட்டும். மூன்று நான்கு வாரத்துக்குள் நான்கு முறை எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வைத்து மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷம் உறைநிலையில் உலர்த்திப் பொடியாகி மருந்து கம்பெனிகளுக்குப் போய், குதிரைகளுக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தப்பட்டு, அவற்றின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து மருந்தாகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மலைப்பாம்பு பிடித்துக் கொடுக்க அவர்கள் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா வரைக்கும் போய் வந்தவர்கள். அந்தச் சமூகத்துக்கு நாம் பட்டிருக்கும் கடனுக்கு இது ரொம்பத் தாமதமான மரியாதை என்பது என் எண்ணம்.

இவ்வளவு இருந்தும், 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர், வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியில் இறந்தார்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோர் கிராமத்துக்காரர்கள். தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்திருக்கிறார்கள். எந்த ஊரில் எத்தனை கடி என்ற கணக்கு சரியாக வந்தால்தான் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை குப்பி மருந்து வைப்பது என்று முடிவு செய்ய முடியும், அந்த வகையில் இது நல்ல காரியம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் மருந்தும் வென்டிலேட்டரும் எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டுத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், கடித்த பிறகு விசாரிக்க நேரம் இருக்காது.

இனி உங்கள் கொட்டகை. நீங்களே பிடிக்க முயலாதீர்கள், வீடியோ பார்த்துப் பழகியவர்களையும் கூப்பிடாதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொன்னால் ஆள் வந்து பிடிப்பார்கள். அடித்துக் கொல்வது 1972 சட்டப்படி குற்றமும்கூட. அவர்கள் வரும்வரை ஒருவர் தள்ளி நின்று அது எங்கே போகிறது என்று கண் வைத்தால் போதும், கதவைத் திறந்து வைத்து வெளியேற வழி விட்டால் பல சமயம் தானாகவே போய்விடும். பிறகு சாக்கு, வைக்கோல், பைப்புத் துண்டுகளை வெளியேற்றுங்கள், சுவரடியில் இருக்கும் ஓட்டைகளை சிமெண்டால் அடையுங்கள், சுவிட்ச் பெட்டியை இடுப்புக்கு மேலே, வாசலுக்குப் பக்கத்தில் மாற்றுங்கள். இருட்டில் போகும்போது டார்ச் லைட்டும் ரப்பர் பூட்ஸும் கட்டாயம், கால் மாட்டில் விழும் வெளிச்சம் பத்து மருந்துக் குப்பிக்குச் சமம். நல்ல பாம்பு அந்தி நேரத்திலும் விடிகாலையிலும்தான் அதிகம் நடமாடும், மும்முனை மின்சாரம் இருட்டில் வந்தால் நீங்கள் போக வேண்டிய நேரமும் அதுதான். பூண்டு கரைசல், பினாயில், பெருங்காயம், உப்பு என்று எதைத் தெளித்தும் பாம்பை விரட்ட முடியாது, எலியைக் குறைத்தால்தான் குறையும்.

அப்புறம் ஒன்று. பாம்பைப் பிடித்துக்கொண்டு போன பிறகும் ஒரு முறை நல்ல வெளிச்சத்தில் கம்பை வைத்து மூலை முடுக்கெல்லாம் கிளறிப் பாருங்கள். கோடையில் நல்ல பாம்பு பத்து முதல் முப்பது முட்டை வரை இடும், பெண் பாம்பு இடத்தை விட்டுப் போகாமல் அடைகாப்பதும் உண்டு, நீங்கள் போகும்போதெல்லாம் ஓடாமல் நின்று சீறியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். 50 முதல் 70 நாளில் பொரியும். ஆனி, ஆடி, ஆவணியில் வெளியே வரும் குட்டி ஓர் அடிகூட இருக்காது, ஆனால் முட்டையை விட்டு வந்த அன்றே படமும் எடுக்கும், கடித்தால் விஷமும் இறங்கும். பெரிய பாம்பைவிடக் குட்டிக்கு விஷம் அதிகம் என்பது தவறு, குட்டியிடம் இருப்பது குறைவான அளவுதான், ஆனால் அதுவும் ஆளைக் கொல்லப் போதும், மண்புழு மாதிரி இருக்கிறதே என்று குழந்தைகள் கையில் எடுத்துவிடுவார்கள். முட்டை தென்பட்டால் உடைக்காமல், பாம்பு பிடிக்க வந்தவரிடமே சொல்லுங்கள், அவர்கள் அதையும் எடுத்துப்போய் வனத்துறையிடம் ஒப்படைப்பார்கள்.